ஆச்சிமாரின் தூக்க மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் மனநலம் குறித்துத் தாங்கள் வெளியிட்ட கட்டுரை நோயை விரிவாகப் பேசியது. நோயாளி இருக்கும் வீட்டைப் பேசவில்லை. காரைக்குடி வட்டாரத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அதுதான் பெரிய குறையாகப் பட்டது.

முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீளும் வீட்டில் ஓர் ஆச்சி மட்டும் இருப்பார். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். கல்யாணம், முன்னோருக்கான படைப்பு என்றால்தான் வீட்டில் ஆள் நடமாட்டம். கணவர் காலமானபோது உறக்கம் பிடிக்கவில்லை என்று சில நாளுக்கு எழுதித் தந்த அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரை ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. வேலைக்கு இருக்கும் பெண் காலி அட்டையைக் காட்டினால் போதும், புதியது கிடைத்துவிடுகிறது. அல்பிரசோலமும் அதே வகையைச் சேர்ந்த டயசிபாமும் எச்1 அட்டவணை மருந்துகள், அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. சீட்டே இல்லாத விற்பனையைப் பதிவேட்டில் எப்படி எழுதுவார்கள்?

முதிய உடலில் டயசிபாம் நெடுநேரம் தங்கும். இரவு போட்டது மறுநாள் பகலிலும் தள்ளாட வைக்கும். முற்றத்துப் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவரிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று யார் கேட்கிறார்கள்? குழப்பத்தையும் மறதியையும் வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

அதே ஆச்சியை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகலாம் என்றால் வீடே தடுக்கிறது. பேத்திக்குச் சம்பந்தம் பேசும் நேரத்தில் நாலு பேருக்குத் தெரிந்தால் என்னாவது என்கிறார்கள். தப்பித்தவறி மனச்சோர்வுக்கு மருந்து எழுதினாலும், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்று எவரும் எடுத்துச் சொல்லாததால் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். வேண்டிய மருந்து நின்றுபோகிறது. வேண்டாதது நிற்பதே இல்லை.

மறதிநோய் கண்ட பெரியவர் இரவெல்லாம் நடமாடினால், ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ளும் மருமகள் "அமைதியாக இருக்க ஏதாவது கொடுங்கள்" என்று கேட்கத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இதற்காகத் தரப்படும் மனச்சிதைவு நோய்க்கான புதிய வகை மருந்துகள் மறதிநோயுள்ள முதியோரின் இறப்பு அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது. அந்த மருமகளுக்கு உண்மையில் வேண்டியது இரவில் மாற்றிவிட இன்னோர் ஆள்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையோடு வீட்டு வாசலுக்கே ஊழியர்கள் வருகிறார்கள். அவர்களே மாத்திரை டப்பாவையும் பார்த்து, நெடுநாள் தூக்க மாத்திரை எடுப்போரை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்பும்படி சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்ட நிர்வாகங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இதைப் படித்துவிட்டு இன்றிரவே யாரும் ஆச்சியிடமிருந்து மாத்திரையைப் பிடுங்கிவிட வேண்டாம். நெடுநாள் எடுத்ததைத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். எங்கே கேட்பது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவை) எண்ணை அழைக்கலாம், கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
காரைக்குடி.