ஐ.டி.ஐ. அறிவிப்பில் விடுபட்ட செய்தி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு ஐ.டி.ஐ.க்களில் மாணவர் சேர்க்கை நடைபெறுவது குறித்த அறிவிப்பு சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வெளியாகியிருந்தது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, விலையில்லா மிதிவண்டி, சீருடை, மூடுகாலணி, பஸ் பாஸ் என்று சேருபவர்களுக்குக் கிடைப்பவை எல்லாம் அதில் வரிசையாக அச்சாகியிருந்தன. நானும் 2022 ஆம் ஆண்டில் இப்படி ஓர் அறிவிப்பைப் பார்த்துத்தான் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்ந்தேன். அதனால் அதைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் பத்தாம் வகுப்பு முடித்து நின்ற எனக்கு அன்று அந்த அறிவிப்பும் சொல்லவில்லை, வீட்டிலும் பள்ளியிலும் எவரும் சொல்லவில்லை, இந்த வேலையில் சந்தோஷம் இருக்கிறது என்று. "படிப்பு ஏறலன்னா ஐ.டி.ஐ.யில போட்டுடுங்க" என்று உறவினர் ஒருவர் என் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழ விழத்தான் விண்ணப்பத்தை நிரப்பினேன். இந்த ஆண்டு அதே விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கும் தம்பிகள் படிக்கட்டும் என்று, அறிவிப்பில் விடுபட்டதை நான் எழுதுகிறேன்.

திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டும், அதாவது எரிந்த மோட்டாருக்குள் செப்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் கொடுக்கும் பட்டறை ஒன்றில் தொழில் கற்று வருகிறேன். ஐ.டி.ஐ.யில் படித்தபோதே ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் நிற்பேன். படிப்பு முடிந்த பிறகு முழுநேரமாகச் சேர்ந்துவிட்டேன். பட்டறைக்கு உரியவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் அழைக்கிறோம். வயதில் அவர் என் அப்பாவுக்கும் மூத்தவர். ஆனாலும் அந்தப் பட்டறையில் தொழில் கற்றுப் போன அத்தனை பேருக்கும் அவர் அண்ணன்தான்.

எரிந்த மோட்டார் ஒன்று வந்து இறங்கியவுடன் போல்ட்டுகளைக் கழற்றி, மூடியைத் தட்டி எடுத்து, உள்ளே சுழலும் ரோட்டரை வெளியே இழுப்பது என் வேலை. கருகிய வார்னிஷ் வாடை குப்பென்று முகத்தில் அடிக்கும். முதல் மாதத்தில் அந்த வாடையால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது அந்த வாடையோடு உள்ளே எட்டிப் பார்க்கும் அரை நிமிடத்துக்காகவே காலையில் பட்டறைக்கு ஓடுகிறேன் என்று சொல்லலாம். ஏனென்றால், எதனால் எரிந்தது என்பதை மோட்டாரே சொல்லிவிடும். காயில்களின் ஒரு பக்க முனைகளை ஒரே புள்ளியில் சேர்க்கும் ஸ்டார் இணைப்பில் ஓடிய மோட்டாரில், சுற்றி நிற்கும் காயில்களில் மூன்றில் இரண்டு பங்கு கரிக்கட்டையாகவும், ஒரு பங்கு மட்டும் நேற்றுக் கட்டியது போலப் பளபளவென்றும் இருந்தால், பேஸ் என்று நாங்கள் சொல்லும் மூன்று மின்கம்பிகளில் ஒன்று அறுந்துபோய், மிச்சமிருந்த இரண்டு பேஸே முழுச் சுமையையும் இழுத்திருக்கிறது என்று பொருள். முக்கோணமாகச் சேர்க்கும் டெல்டா இணைப்பாக இருந்தால் இதுவே தலைகீழாகி, ஒரு பங்கு கருகி இரண்டு பங்கு தப்பியிருக்கும். எல்லாமே ஒரே சீராகக் கறுத்திருந்தால் வோல்டேஜ் குறைவாக இருந்தபோதோ, தாங்க முடியாத பாரத்திலோ நெடுநேரம் ஓடியிருக்க வேண்டும். மோட்டாரைக் கொண்டுவந்த விவசாயி, "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு தம்பி" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "ஐயா, ஃபியூஸ் ஒண்ணு போயிருக்கும், பாத்தீங்களா?" என்று நான் கேட்டு, அவர் வியந்து பார்த்த அந்த முதல் நாளை இன்றைக்கு நினைத்தாலும் மனம் நிறைந்துவிடுகிறது. ஐ.டி.ஐ. வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டிய ஸ்டாரும் டெல்டாவும் அன்றுதான் எனக்கு விளங்கின.

இனிக் கட்டும் வேலையைச் சொல்ல வேண்டும். எரிந்த கம்பியை வெட்டி எடுக்கும்போதே ஒரு காயிலில் எத்தனை சுற்று, கம்பி எந்த கேஜ் (தடிமன்), எந்த ஸ்லாட்டிலிருந்து (கம்பி இறங்கும் பள்ளம்) எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். குறிக்காமல் வெட்டிவிட்டால் வந்த வழியை மறந்தவன் கதைதான். எங்கள் பகுதியில் அதிகம் வரும் 5 எச்.பி. மோட்டார்களில் 24 ஸ்லாட்டுகளுக்குப் பன்னிரண்டு காயில்கள் போகும் வகையை நான் பலமுறை கட்டியிருக்கிறேன். ஸ்லாட்டுகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, இன்சுலேஷன் தாளை அளவாக வெட்டி, இரண்டு முனைகளையும் விரல் நகத்தால் மடித்து உள்ளே நிறுத்த வேண்டும். பிறகு, எனாமல் பூசிய செப்புக் கம்பியை அச்சில் சுற்றி எடுத்து, நாலைந்து கம்பிகளாகப் பிரித்துப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடாமல் ஸ்லாட்டுக்குள் இறக்க வேண்டும். எனாமலில் ஒரு கீறல் விழுந்தாலும் அந்த மோட்டார் நிலைக்காது. கடைசிக் கம்பியும் உள்ளே போனபின், தாளை மடித்து மூடி, மூங்கில் சிம்பு ஒன்றை மேலே செருகித் தட்ட வேண்டும். அந்தச் சிம்பு வழுக்கிக்கொண்டு போய், முனையில் சரியாக வந்து நிற்கும்போது "டொக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் சரியாகக் கேட்டால் அண்ணன் திரும்பியே பார்க்க மாட்டார். சரியில்லை என்றால், வாசலில் யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் அவர் தலை திரும்பிவிடும். என் சிம்புச் சத்தத்துக்கு அவர் திரும்பாமல் இருக்கத் தொடங்கி இப்போது ஆறேழு மாதம் ஆகிறது. சான்றிதழை வாங்கிய அன்றுகூட எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

போர் என்னும் ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டார் வேறு மாதிரி. அதன் ஸ்லாட் வாய் மூடியிருக்கும். மேலே பிளாஸ்டிக் உறை போர்த்திய கம்பியை ஊசியில் நூல் கோப்பது போல ஒவ்வொரு துளையிலும் விட்டு இழுக்க வேண்டும். தனி ஆளாகக் கட்டுவது கடினம் என்பதால் நானும் என்னோடு வேலை பார்க்கும் இன்னொரு தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, அவன் தள்ள நான் இழுக்க, நான் தள்ள அவன் இழுக்க, ஒரு பேச்சும் இல்லாமல் ஒரு மணி நேரம்கூடச் செய்வோம். நடவு நடும் பெண்கள் ஒரே வரிசையில் பின்னால் நகர்வதைப் பார்த்தவர்களுக்கு அந்த இசைவு எப்படியிருக்கும் என்று தெரியும்.

தவறும் நேர்ந்தது. சேர்ந்த முதல் ஆண்டு ஆடி மாதத்தில், ஒரு 5 எச்.பி. மோட்டாரில் ஒரே ஒரு காயிலின் தலையையும் வாலையும் மாற்றி இணைத்துவிட்டேன். ஓட்டிப் பார்த்தபோது மோட்டார் வேகம் எடுக்காமல் உறுமியது. மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் மூன்று பேஸும் மூன்று கணக்குக் காட்டின. வார்னிஷ் ஊற்றுவதற்கு முன் பார்த்ததால் தப்பித்தோம். அண்ணன் என்னைத் திட்டவில்லை. "எது தப்புன்னு நீயே தேடு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். சுற்றிக் கட்டிய நூலை எல்லாம் அவிழ்த்து, இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, மாலை நாலு மணிக்கு அந்தத் தப்பைக் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து எல்லாக் காயிலின் தொடக்கத்திலும் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டிவிடுகிறேன். இப்போது எங்கள் பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் கட்டுகிறார்கள்.

பட்டறைச் சந்தோஷங்களை விடப் பெரியது வயலில் கிடைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஆம் ஆண்டில் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12 அன்று திறக்கவில்லை. ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். ஆற்றை நம்பியவர்கள் வானத்தைப் பார்த்திருக்க, போர் வைத்திருந்தவர்கள் மோட்டாரை நம்பிக் குறுவையில் இறங்கினார்கள். இரவு பகலாக ஓடிய மோட்டார்கள் ஒவ்வொன்றாக எரிந்து எங்கள் வாசலில் வந்து நின்றன. அப்படி வந்த ஒன்றை இரவு முழுக்க உட்கார்ந்து கட்டி, விடியற்காலையில் வலங்கைமான் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு டி.வி.எஸ். 50 வண்டியில் வைத்து நானும் அண்ணனும் கொண்டுபோனோம். மூன்று நாளாகத் தண்ணீர் காணாத நாற்றங்கால் அங்கங்கே வெடிக்கத் தொடங்கியிருந்தது. மோட்டார் கொட்டகையில் அதை ஏற்றி, போல்ட் முடுக்கி, ஒயரைக் கொடுத்தோம். தரையில் வைத்து இழுக்கும் மோனோபிளாக் என்பதால் பைப்பில் தண்ணீர் நிரப்பாமல் ஓட்ட முடியாது. அந்த வீட்டுப் பெரியவர் சாணியைக் கரைத்துக் குடம் குடமாக ஊற்றினார். ஸ்டார்ட்டரை என்னையே அமுக்கச் சொன்னார்கள். மோட்டார் "ம்" என்று ஒரே சுருதியில் பிடித்தது. பைப் முதலில் இருமியது, பிறகு சாணித் தண்ணீரைத் துப்பியது, பிறகு கலங்கல், அதன்பின் கை கனத்துக்குத் தெளிந்த தண்ணீர் தொட்டியில் விழுந்தது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு கையிலும் அந்தத் தண்ணீரை ஏந்தி, தம் முகத்தில் கொஞ்சம் தெளித்துக்கொண்டு, ஈரக் கையை மோட்டாரின் மேல் ஒருமுறை வைத்து எடுத்தார். அவருடைய பேரன் உடுப்போடு தொட்டிக்குள் இறங்கிவிட்டான். வீட்டிலிருந்து வந்த நீராகாரத்தைக் கொட்டகை நிழலில் குடித்துக்கொண்டே, வாய்க்காலில் தண்ணீர் வளைந்து வளைந்து நாற்றங்காலுக்குள் நுழைவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். இரவு முழுக்கக் கண் விழித்த அசதி எனக்குத் தெரியவே இல்லை.

தினப்படி நடக்கும் சின்னச் சின்ன மகிழ்ச்சிகளும் உண்டு. எங்கள் ஊர் ரயில்வே கேட் மூடினால் திறக்க எவ்வளவு நேரமாகும் என்பதை இந்தப் பக்கம் வந்தவர்கள் அறிவார்கள். நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயில் நின்றுவிட்டால் ஊரே சலித்துக்கொள்ளும். ஆனால் சாமான் வாங்க அனுப்பப்பட்ட எனக்கு, கேட் ஓரத்துக் கடையில் ஒரு டீயும் சூடான வாழைக்காய் பஜ்ஜியும் தின்று முடிக்கும் அந்தப் பத்து நிமிடம் யாரும் கேள்வி கேட்க முடியாத ஓய்வு. ஆற்றில் புதுத் தண்ணீர் வரும் நாளில், வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்புக்கு நாங்கள் சைக்கிளில் போவோம். நுரையும் சருகுமாக வரும் அந்தத் தண்ணீர் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து போவதைப் பார்த்துவிட்டு வந்தால், அடுத்த சில வாரங்களுக்கு எரிந்த மோட்டார்களின் வரத்து குறையும். அப்போதுதான் அண்ணன் எங்களுக்கு நிதானமாக உட்கார்ந்து கற்றுக்கொடுப்பார். ஆயுத பூஜையன்று கட்டிங் பிளேயரிலிருந்து இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் வரை எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்து அடுக்குவோம். அந்த அடுக்கில் அண்ணனின் நோட்டும் இருக்கும். முப்பது ஆண்டுகளாகக் கட்டிய மோட்டார்களின் கணக்குகள் எல்லாம் அதில் இருப்பதால் வேறு யாரையும் அவர் எழுத விட்டதில்லை. இந்தத் தை மாதத்தில் ஒருநாள், 7.5 எச்.பி. மோட்டார் ஒன்றின் சுற்றுக் கணக்கை எண்ணிச் சொன்னபோது, "நீயே எழுது" என்று பேனாவை என்னிடம் நீட்டினார். என் கையெழுத்து இப்போது அதில் ஒரு பக்கம் இருக்கிறது.

எனக்குத் தற்போது நாள் ஒன்றுக்கு 350 ரூபாய் கிடைக்கிறது. என்னுடன் படித்தவர்களில் சிலர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போய் இதைவிட அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர்கள் முடிவு அவர்களுக்குச் சரி. இங்கேயே இருப்பவனுக்கு என்ன கிடைக்கிறது என்பதும் தெரிந்தபின் ஒரு பையன் முடிவெடுக்கட்டும் என்பதுதான் என் விருப்பம்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐ.டி.ஐ. சேர்க்கை அறிவிப்பை வெளியிடும் நாள்களில், அதன் அருகிலேயே ஃபிட்டர், டர்னர், வெல்டர், டீசல் மெக்கானிக் என்று ஒவ்வொரு தொழிலிலும் இருப்பவர் ஒருவருடைய ஒருநாள் வேலையை, அவரே சொல்லக் கேட்டு, கால் பக்கம் அளவுக்காவது வெளியிட வேண்டும். அவர்கள் மகிழ்ந்த தருணம் ஒன்றையும் மறக்காமல் கேட்டு எழுதுங்கள். எங்கள் அண்ணனிடமும் நான் அனுமதி கேட்டுவிட்டேன். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு என்ன செய்வது என்று யோசிக்கும் எந்தத் தம்பியும் சனிக்கிழமை பிற்பகலில் எங்கள் பட்டறைக்கு வந்து நின்று பார்க்கலாம். அந்த நேரத்தில்தான் நாங்கள் கட்டி முடித்த மோட்டார்களை ஓட்டிப் பார்ப்போம்.

தங்கள் உண்மையுள்ள வாசகன்,
மோட்டார் காயில் கட்டும் தொழில் பயில்பவன்,
நீடாமங்கலம்.