பஸ் ஓடுற முறை முதல்ல மாறோணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பு நெரிசலப் பத்திக் கதைச்சா எல்லாரும் ரோட்ட அகலமாக்கு, பாலம் போடு எண்டுதான் சொல்லுறாங்க, ஆனா காலைல வெள்ளவத்தையில 100, 101 நம்பர் பஸ்ஸுக்கு நிக்கிற சனத்தக் கேட்டுப் பாருங்க, மூண்டு பஸ் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா ஓடி வரும், பிறகு கன நேரத்துக்கு ஒண்டுமே இல்ல. வயசான அம்மா ஒராள் அந்த உயரமான படியில ஒரு கால வச்சிருக்கேக்கையே கொண்டக்டர் "ரைட்" எண்டுறார், பஸ் எடுபடுது. தனியார் பஸ்ஸில அண்டண்டைக்குச் சேருற காசிலதான் ட்ரைவருக்கும் கொண்டக்டருக்கும் பங்கு, அதாலதான் இந்த ரேஸ்.

மாலபே - கோட்டை இலகு ரயில் திட்டத்த 2020ல நிப்பாட்டிட்டாங்க, பெரிய நட்டம் அது. சீனாவில ஷென்சென் நகரம் 2017லயே 16,000க்கு மேற்பட்ட பஸ்ஸ மின்சாரத்துக்கு மாத்திட்டுது. நாங்க அவ்வளவு கேக்கேல்ல. போக்குவரத்துச் சபையும் தனியாரும் ஒரே டைம்டேபிள்ல ஓடட்டும், ட்ரைவருக்கு மாசச் சம்பளம் குடுங்க, காலி வீதியில பஸ்ஸுக்கெண்டு ஒரு லேன ஒழுங்கா விடுங்க. மின்சார பஸ் கட்டாயம் வேணும்தான், ஆனா இந்த ரேஸ் நிக்காட்டி புகை மட்டும்தான் குறையும், சனம் காரையும் மோட்டார் சைக்கிளையும் விட்டுட்டு பஸ்ஸுக்கு வராது.

வாசகி, வெள்ளவத்தை