சில்லுக் காற்றும் மூன்று றேஸும்

கரடிப்போக்கு,
கிளிநொச்சி.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். சிறுபோகத்துக்கு இரணைமடுவில் தண்ணி திறந்தாச்சு. வருகிற வெள்ளி தொடக்கம் எஃப்4 (ஃபோர்முலா 4) றேஸ் காருக்கு இரண்டாவது மெக்கானிக்காக நிற்கப் போகிறாய் என்று அம்மா சொன்னா. போனில் இந்தக் கதை பாதியில் அறுந்துபோகும், அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். வெள்ளி காலைக்குள் ஒருக்கா முழுக்க வாசி.

முதலில் எஞ்சினை மறந்துவிடு. பிரித்தானிய எஃப்4 இல் எல்லாருக்கும் ஒரே டட்டூஸ் ரி-421 கார், ஒரே 1.4 லீற்றர் அபார்த் டர்போ, ஏறக்குறைய 180 குதிரைவலு. எஞ்சினுக்குச் சீல் வைத்திருக்கும். அதைத் தொட்டால் றேஸே போச்சு. பக்கத்துக் கூடாரத்துக்காரனுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் வரக்கூடிய இடங்கள் கொஞ்சம்தான்: சில்லுக் காற்று, சில்லுகளின் கோணம், பிறேக், இறக்கை, கார் நிலத்திலிருந்து நிற்கிற உயரம். அதிலும் இரண்டாவது மெக்கானிக்கின் கையில் முழுசாக இருப்பது காற்று. அதைப் பற்றித்தான் கூடுதலாக எழுதப்போகிறேன்.

இந்த வகுப்பில் ரயர் சூடாக்கும் போர்வைக்கு அனுமதி இல்லை. குளிர்ந்த ரயரோடுதான் கார் வெளியே போகும், ஓடஓடத்தான் சூடு ஏறும், சூட்டோடு காற்றும் ஏறும். கணக்கு லேசு. 15 பாகையில் 1.20 பார் (காற்றழுத்த அலகு) வைத்தால், ரயருக்குள் காற்று 75 பாகைக்கு வரும்போது அது 1.66 பார் ஆகும். வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து, 273 கூட்டின வெப்பநிலையால் பெருக்கிப் பிரித்து, கடைசியில் வளிமண்டல அழுத்தத்தைத் திரும்பக் கழித்துப் பார், அதே எண் வரும். மனக்கணக்குக்கு, 10 பாகைக்கு 0.08 பார், நம்முடைய பழக்கத்தில் சதுர அங்குலத்துக்கு ஓர் இராத்தலுக்குச் சற்று மேல்.

பிழை வருவது இப்படித்தான். காலை எட்டு மணிக்கு 9 பாகைக் குளிரில் 1.20 வைத்து மூடிவிடுவார்கள். றேஸ் இரண்டு மணிக்கு, அப்போது 19 பாகை. "1.20 தானே வைச்சனாங்கள்" என்று கொப்பியில் இருக்கும். ஆனால் காலையில் வைத்த ரயர் 75 பாகையில் 1.72 க்குப் போகும், மத்தியானம் அதே 1.20 வைத்த ரயர் 1.62 இல் நிற்கும். கொப்பியில் ஒரே எண், ஓடும்போது 0.10 பார் வித்தியாசம். அதனால் அழுத்தத்தை எழுதும்போது பக்கத்தில் ரயரின் வெப்பநிலையையும் மணியையும் எழுது. வெப்பநிலை இல்லாத எண்ணை நம்பாதே.

வெயிலும் ஒரு கள்ளன். இங்கே மத்தியானத்தில் சைக்கிளை வெயிலில் விட்டால் ரியூப் வெடிக்கிறது உனக்குத் தெரியும். அங்கே வெடிக்காது, ஆனால் கூடாரத்தின் ஒரு பக்கம் வெயில் விழுந்தால் இடப்பக்க ரயர் இரண்டும் வலப்பக்கத்தைவிடச் சூடாகிவிடும். நாலுக்கும் ஒரே எண் வைத்துவிட்டு, கார் ஒரு பக்கம் இழுக்குது என்று காரோட்டுகிற பெடியன் வந்து சொல்லும்போது எல்லாரும் சில்லுக் கோணத்தில், அலைன்மென்ரில், பிழை தேடுவார்கள். ரயரை நிழலில் வை, காற்றை வைத்ததும் மூடு. நாள் முழுக்க அழுத்தம் அளக்க ஒரே கேஜ். கம்பிரசர் தாங்கியில் தேங்கிற தண்ணியைக் காலையும் மத்தியானமும் வடி. ஈரக்காற்று சூட்டில் கணக்குக்கு மீறி ஏறும். உலர்ந்த நைதரசன் சிலிண்டர் இருந்தால் அதையே பாவி.

கார் உள்ளே வந்தவுடன், ஒரு நிமிடத்துக்குள், அழுத்தத்தையும் ரயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்து வெப்பத்தையும் எடு. எப்போதும் ஒரே சில்லில் தொடங்கி ஒரே பக்கமாகச் சுற்று. கடைசிச் சில்லுக்குப் போகும்போது ஆறியிருக்கும்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு ஆறியிருந்தால் ஒப்பிடலாம். நடு மற்ற இரண்டையும்விடச் சூடு என்றால் காற்றுக் கூட. ரயர் பிதுங்கி நடுவில் மட்டும் தேயும், ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு கார் வழுக்கத் தொடங்கும். விளிம்பு இரண்டும் சூடு, நடு குளிர் என்றால் காற்றுக் குறைவு. அப்போது காரும் தாழ்ந்து அடித்தட்டு நிலத்தில் உரசும். உள்விளிம்பு சில பாகை கூடி இருப்பது கேம்பரால் (சில்லின் மேல்பக்கம் உள்ளுக்குச் சாய்ந்து நிற்கிற கோணம்), அதைக் கண்டு பயப்படாதே. ஒவ்வொரு ரயருக்கும் இலக்கம் பதிந்திருக்கும். பதியாத ரயரைப் பூட்டி அனுப்பினால் தண்டனை நிச்சயம், ஆகவே பூட்டமுன் இலக்கத்தை வாய்விட்டு வாசி.

சில்லு நட். கையால் மூன்று சுற்றாவது ஏற்றிவிட்டுத்தான் நட் இறுக்கிற கன் வை. எடுத்த எடுப்பில் கன் வைத்தால் மரை பிடிக்கும், அலுமினிய நட் என்றால் அதோடு சரி. பிறகு இறுக்கத்தை அளந்து இறுக்கிற டோர்க் ரெஞ்ச், காரின் கைநூலில் உள்ள எண்ணுக்கு. பிறகு நட் கழராமல் பிடிக்கிற பூட்டு வெளியே வந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார். கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது. நாலும் முடிந்த பிறகு முதலாவது மெக்கானிக்கிடம் சொல். இடையில் ஆராவது கூப்பிட்டால் போய்விட்டு வந்து, விட்ட சில்லில் இருந்தல்ல, முதலாவது சில்லில் இருந்து திரும்பத் தொடங்கு.

பிறேக்குக்கு வருகிறேன். பிறேக் எண்ணெய் தண்ணியை உறிஞ்சும். டொட் 4 எண்ணெய் புதிதில் குறைந்தது 230 பாகைக்குத்தான் கொதிக்க வேணும் என்பது தரம். றேஸுக்குப் பாவிக்கிறவை 300 ஐத் தாண்டும். ஆனால் திறந்து வைத்த போத்தல் ஒரு கிழமையில் அந்தக் குணத்தை இழக்கத் தொடங்கும். சின்னப் போத்தல் வாங்கு, மிச்சத்தை அடுத்த வாரத்துக்கு வைக்காதே. பெடல் நீளுது என்று பெடியன் சொன்னால் முதலில் பிறேக் குழாய்க்குள் இருக்கிற காற்றை எடு, பிறகுதான் பிறேக் பாட் தேய்வைப் பார். ஓட்டம் முடிந்து வந்த காரின் டிஸ்க்குக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகாதே. புதுப் பாட் என்றால் படிப்படியாகச் சூடாக்கிப் பழக்காமல் தகுதிச்சுற்றுக்கு அனுப்பக் கூடாது.

வெள்ளி முழுக்கப் பயிற்சி. சனி தகுதிச்சுற்று, பிறகு முதல் றேஸ். ஞாயிறு மற்ற இரண்டு. றேஸ் ஒவ்வொன்றும் இருபது நிமிடம் மாதிரி. பிறாண்ட்ஸ் ஹட்சின் சின்னத் தடம் 1.94 கிலோமீற்றர்தான், ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம்கூட வராது. அதில் பிழை திருத்த நேரமே இல்லை. பல எஃப்4 தொடர்களில் தகுதிச்சுற்றின் சிறந்த நேரம் ஒரு றேஸின் வரிசையையும், இரண்டாவது சிறந்த நேரம் இன்னொரு றேஸின் வரிசையையும் தீர்மானிக்கும். ஆகவே ஒரு நல்ல சுற்று காணாது, இரண்டு வேணும். நாலு சில்லும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே போனால் அந்தச் சுற்று அழியும். சிவப்புக் கொடி விழுந்தால் சூடாக்கின ரயர் வீண். இதனால்தான் நல்ல ரீம்கள் தொடக்கத்திலேயே ஒரு நேரத்தைப் பதிந்துவிடப் பார்க்கும். முன்னால் போகிற காரின் காற்றிழுப்பைக் காத்துக்கொண்டு கடைசி நிமிடம் வரை நிற்கிற ரீம்கள் கனதரம் அழுதிருக்கின்றன.

நடு றேஸில் முன்வரிசை தலைகீழாகும். அதற்கு மேல்வகுப்பான எஃப்ஐஏ (உலக மோட்டார் விளையாட்டுச் சம்மேளனம்) எஃப்3 இலும் அந்த முறைதான்: 30 கார், தகுதிச்சுற்றின் முதல் பன்னிரண்டு பேரையும் சனிக்கிழமை றேஸுக்குத் தலைகீழாக அடுக்குவார்கள். வென்றால் 10 புள்ளி. ஞாயிறு பெரிய றேஸுக்கு 25. தலைகீழ் வரிசை என்றால் முதல் வளைவில் இடி நிச்சயம் என்று எடுத்துக்கொள். மேலதிக மூக்கும் இறக்கையும் முதல் நாளே அளந்து, கோணமானியில் அதே பாகைக்கு வைத்து, கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேணும். இடி வாங்கின காரைக் கழற்றும்போது கனமான கையுறை போடு. உடைந்த காபன் சிராய் மீன்முள் மாதிரி, ஏறினால் எடுக்க ஏலாது.

நேர்ப்பாதையில் ஸ்டியரிங் கோணலாக நிற்குது என்றால் ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கிற இழுவைத்தண்டு வளைந்திருக்கும். அதை நூல் பிடித்துப் பார்க்கலாம். காரின் இரு பக்கமும், சில்லின் நடு உயரத்தில், காரின் நடுக்கோட்டுக்குச் சமாந்தரமாக நூல் கட்டு. றிம்மின் முன்விளிம்புக்கும் நூலுக்கும் எவ்வளவு, பின்விளிம்புக்கும் நூலுக்கும் எவ்வளவு என்று எஃகு அடிமட்டத்தால் அள. 13 அங்குல றிம்மில் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் என்றால் ஏறத்தாழ 0.16 பாகை. அளக்கமுன் காரை இரண்டு மூன்று அடி முன்பின் உருட்டிவிடு, இல்லாட்டில் சஸ்பென்சன் இறுகி நின்று பொய் சொல்லும். ஆளின் பாரத்துக்கு ஈடாக இருக்கையில் பாரம் வை. நூலில் ஆரும் தட்டினால் முதலில் இருந்து. சும்மா சொல்லவில்லை, கட்டாயம் ஆராவது தட்டுவார்கள்.

பெடியனைக் கட்டுவதும் உன் வேலையாக இருக்கும். இடுப்புப் பட்டியை முதலில் இறுக்கு, பிறகுதான் கழுத்துக்காப்புக்கு மேலால் தோள்பட்டி. தோளை முதலில் இறுக்கினால் இடுப்புப் பட்டி வயிற்றுக்கு ஏறிவிடும். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள், நோகுது என்று சொல்ல வெட்கப்படுவார்கள், நீயே கேள். தகப்பன்மாரும் கூடாரத்துக்குள் நிற்பார்கள், காசு கட்டுகிறவர்கள். ஏன் பின்னுக்கு நிற்கிறான் என்று உன்னிடம் கேட்டால், சிரித்துவிட்டு எஞ்சினியரைக் காட்டு.

மழை. நம்முடைய கார்த்திகை மழை வந்தால் வந்ததுதான், அங்கே தடத்தின் ஒரு மூலையில் மட்டும் தூறும். மழை ரயருக்கு, தண்ணி தேங்கி நிற்குது என்றால் காற்றைக் கொஞ்சம் கூட்டு, அப்போதுதான் தவாளிப்புகள் திறந்து நின்று தண்ணியைத் தள்ளும். தடம் காயத் தொடங்கினால் அந்தக் கூடுதலே ரயரைச் சூட்டில் தின்னும். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் போகிற பிறேக்கின் பங்கை ஒரு படி பின்னுக்கு நகர்த்தச் சொல்வார்கள், ஈரத்தில் பாரம் முன்னுக்கு அவ்வளவாகப் போகாது, முன்சில்லுதான் முதலில் பூட்டும். பின்பக்கச் சிவப்பு விளக்கு எரியுதா என்று பார்க்க மறந்தால் காரை வரிசையிலிருந்தே திருப்பி அனுப்புவார்கள். சில்வர்ஸ்டோன், ஸ்னெற்றர்டன், திரக்ஸ்டன் எல்லாம் இரண்டாம் உலகப்போர்க் கால விமானத்தளங்கள், நம்முடைய கட்டுக்குருந்த மாதிரி. வெட்டவெளி, காற்று அடித்துக்கொண்டே இருக்கும். காலையில் எதிர்க்காற்று, பின்னேரம் முதுகுக்காற்று என்றால் பிறேக் பிடிக்கிற இடமே மாறும். காற்றின் திசையையும் கொப்பியில் போடு.

முடிந்து வந்த காரைத் தொடாதே, விடும்வரைக்கும். நேரே தராசுக்குத்தான் போகும். ஆளோடு சேர்த்த நிறை குறைந்தால் முழு றேஸும் இல்லை. அதனால்தான் கடைசிச் சுற்றுக்குப் பிறகு பெடியங்கள் தடத்து ஓரமாக ஓட்டி, கழன்று கிடக்கிற றப்பரை ரயரில் ஒட்டிக்கொண்டு வருவார்கள். பெற்றோலை நிறை பார்த்து ஊற்று, நிறை பார்த்து வடி. லீற்றருக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ. வெள்ளிக்கிழமை ஒரு சுற்றுக்கு எவ்வளவு போனது என்று தெரிந்தால் ஞாயிறு வரை அந்த எண் கைகொடுக்கும். பரிசோதகர் எடுக்கிற மாதிரிக்கு வேண்டியதையும் சேர்க்க மறக்காதே.

முதல் பருவமான 2015 இல் இந்தப் பிரித்தானிய எஃப்4 தொடரை வென்றவர், பிறகு எஃப்1 க்குப் போன லாண்டோ நொரிஸ். 2024 மே மாதம் பிறாண்ட்ஸ் ஹட்சில் அபி புல்லிங் வென்றபோது, இந்தத் தொடரில் றேஸ் ஒன்றை வென்ற முதல் பெண் அவதான். கூடாரத்துக்குள் நீ ஒருத்திதான் பொம்பிளை என்று கவலைப்பட்டாய் என்று அம்மா சொன்னா, அதுக்காக எழுதினேன்.

அங்கே காலை பத்து மணி றேஸ் இங்கே பின்னேரம் இரண்டரை. நேரலையில் பார்ப்போம். இடித்த மிளகாய்த்தூள் ஒரு கிலோ, முறிகண்டிக் கச்சான் இரண்டு பை பார்சலில் வருகுது. ஞாயிறு இரவு காற்று எண்கள் எழுதின பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, வெப்பநிலை எழுதாத பக்கம் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா