குதிரை ஏற ஒரு மண்மேடை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடி பிறந்தால் அந்தியூர் குருநாதசுவாமி கோவில் திருவிழாவும் குதிரைச் சந்தையும் பத்திரிகைகளில் படத்தோடு வந்துவிடும். தாளத்துக்குக் கால் தூக்கி ஆடும் குதிரை, லட்சக்கணக்கில் விலை பேசிய குதிரை என்று போடுகிறீர்கள். நானும் ஆசையாகப் பார்ப்பேன். அந்தக் குதிரைகள் சந்தைக்கு எப்படி வந்து இறங்கின, கைமாறிய பிறகு எப்படி வண்டி ஏறின என்று மட்டும் யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் ரேக்ளா ஓட்டியவர். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு சந்தையில் செவலைப் பெட்டைக் குதிரை ஒன்றைப் பிடித்து வந்தார். குஜராத் பக்கத்துக் காத்தியவார் இனக் கலப்பு. காது இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனி தொடுகிறாற்போல் இருக்கும். ராசாத்தி என்று பெயர் வைத்தோம். அன்று அவளை வண்டியில் ஏற்றியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாடகை பிக்கப். தளம் என் இடுப்பு உயரம். ஏற மேடையும் இல்லை, பலகையும் இல்லை. இரண்டு பேர் பின்தொடையில் கயிறு போட்டு இழுக்க, ஒருவர் காதைத் திருக, இன்னொருவர் வேப்பங்குச்சியால் அடிக்க, ஒரே தாவில் உள்ளே விழுந்தாள். "ஏறிருச்சு" என்று எல்லோரும் கையைத் தட்டிக்கொண்டார்கள். வழியில் ஒரு வளைவில் ஓட்டுநர் பிரேக்கை அழுத்தி மிதித்தார். வெறும் தகரத் தளம், கீழே ஒரு கைப்பிடி வைக்கோல்கூட இல்லை. முன்னங்கால் மடங்கி விழுந்ததில் முட்டி இரண்டும் கிழிந்துவிட்டன. புண் ஆறிய இடத்தில் வெள்ளை முடி முளைத்தது, இன்றும் அப்படியே இருக்கிறது.

அதற்குப் பிறகு பிக்கப் சத்தம் கேட்டாலே அவளுக்கு வேர்த்துவிடும். மூக்குத் துவாரம் விரியும், சாணி தண்ணீராகப் போகும், கால் நட்ட கல்லாகிவிடும். ஆம்பிளைகள் "திமிரு" என்றார்கள். தீனி போடுகிறவள் நான்தானே, அது திமிர் இல்லை, பயம் என்று எனக்குத் தெரியும்.

என் நாத்தனார் மகனிடம் பழைய பிக்கப் ஒன்று உண்டு. அதைப் பதினெட்டு நாள் எங்கள் களத்தில் நிறுத்தச் சொன்னேன். களத்து ஓரம் மேடாக இருக்கும். பின்பக்கத்தை அந்த மேட்டோடு ஒட்டி நிறுத்தியதும் அவள் தாவ வேண்டிய உயரம் அரை அடியாகக் குறைந்துவிட்டது. பாதி வேலை அதிலேயே முடிந்தது என்பேன். கால்நடை மருத்துவர் ஒருவர் வந்து பார்த்து, "தார்ப்பாயைக் கழற்றுங்கம்மா" என்றார். வெயிலில் நிற்கும் குதிரைக்கு இருட்டுக்குள் பார்வை பழக நம்மைவிட நேரம் ஆகுமாம். நமக்கு வண்டியாகத் தெரிவது அதற்குக் குகையாகத் தெரியும். தார்ப்பாயை எடுத்தோம். மாட்டுக்கொட்டகையில் விரிக்கிற ரப்பர் பாயைத் தளத்தில் போட்டு, மேலே வைக்கோல் பரப்பினோம். குளம்பு பட்டால் தகரம் "டங்"கென்று அதிர்வதும் நின்றது.

ஊறவைத்த கொள்ளை வண்டி விளிம்பில் வைத்தேன். முதல் நாள் கழுத்தை மட்டும் நீட்டினாள். நாலாம் நாள் முன்னங்கால் இரண்டும் உள்ளே. இந்த இடத்தில்தான் எல்லோரும் தப்புப் பண்ணுகிறார்கள். ஒரு கால் வைத்ததும் "வா வா" என்று கயிற்றை இன்னும் இழுக்கிறார்கள். கால் வைத்த அந்த நொடியே கயிற்றைத் தளர்த்த வேண்டும். முன்னே வந்தால் இழுப்பு போய்விடும் என்று அதற்குப் புரிய வேண்டும். பின்னால் போக வேண்டும் என்றால் போகட்டும், மறுபடி வரும். என் வீட்டுக்காரருக்கு இந்தப் பொறுமை கிடையாது. அவரை டீக்கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் பழக்கினேன். இரண்டாம் வாரம் நாலு காலும் உள்ளே. பிறகு இன்ஜினை மட்டும் போட்டோம். பிறகு முக்கு வரை போய்த் திரும்பினோம்.

கட்டுவதிலும் முறை இருக்கிறது. குதிரைக்குப் பின்னால் குறுக்கே போடுகிற கட்டையைப் போட்ட பிறகுதான் தலைக்கயிற்றைக் கட்ட வேண்டும். இறக்கும்போது முதலில் கயிற்றை அவிழ்த்துவிட்டுத்தான் கட்டையை எடுக்க வேண்டும். எங்கள் ஊரிலேயே ஒருவர் மாற்றிச் செய்தார். பின்னால் திறந்திருக்கிறது என்று குதிரை நகர, கயிறு தலையை இழுக்க, மிரண்டு அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. முடிச்சும் ஒரே இழுப்பில் உருவி வருகிற மாதிரி இருக்க வேண்டும். கயிறு தலையைத் தாழ்த்தும் அளவுக்கு நீளமாக இருக்கட்டும், காலில் சிக்கும் அளவுக்கு வேண்டாம். மணிக்கணக்கில் தலையைத் தூக்கியே கட்டினால் மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் வெளியே வராமல் நுரையீரலுக்கு இறங்கிக் காய்ச்சல் வரும் என்று அந்த மருத்துவர்தான் சொன்னார். மயக்க ஊசி போட்டு ஏற்றலாமா என்று கேட்டதற்கு, மருத்துவரைக் கேட்காமல் நாமாகப் போடவே கூடாது, ஆடுகிற வண்டியில் தள்ளாடுகிற குதிரை எப்படி நிற்கும் என்று திட்டினார்.

தண்ணீர் விஷயம் நானே கற்றது. வெளியூர்த் தண்ணீரை ராசாத்தி மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். குடிக்காத குதிரைக்கு வயிற்று வலி வந்தால் சாதாரணமில்லை, உயிரையே கொண்டுபோய்விடும். கிளம்ப நாலு நாள் முன்பே வீட்டுத் தொட்டியில் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை ஒரு கைப்பிடி கரைத்துப் பழக்கிவிடுவேன். போகிற இடத்திலும் அதையே கரைத்தால் ஊர் வித்தியாசம் தெரியாமல் குடிக்கிறாள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டுகிறோம்.

ஓட்டுவது பற்றி நாத்தனார் மகனுக்கு நான் சொன்னது ஏறவில்லை. ஒருநாள் அவன் சிநேகிதனை ஓட்டச் சொல்லி, இவனைப் பின்னால் ஏற்றி, எதையும் பிடிக்காமல் நில்லு என்றேன். அத்தாணி ரோட்டில் இரண்டு வளைவு தாண்டவில்லை, கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து வேகத்தடைக்கு ஐம்பதடி முன்னாலேயே கியரைக் குறைக்கிறான். குதிரையின் எடையில் பாதிக்கு மேல் முன்னங்காலில்தான் நிற்கிறது. திடீர் பிரேக் என்றால் அது முழுக்க அந்த முட்டிகளுக்குத்தான்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லாமல் இல்லை. 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளில் குதிரைக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. தளம் வழுக்கக் கூடாது, குதிரைகளுக்கு நடுவே 8 சென்டிமீட்டர் கனமுள்ள மூங்கில் இருக்க வேண்டும், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்து மிரளாமல் இருக்கத் தலையை இடப்பக்கம் திருப்பி நிறுத்த வேண்டும், வேகம் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் உண்டு. எழுதியவர் குதிரை அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும். சின்ன பிக்கப்பில் குதிரை குறுக்கே நிற்க இடமிருக்காது, நாங்கள் முடிந்தவரை இடப்பக்கம் சாய்த்துக் கட்டுகிறோம். நெடுஞ்சாலையில் 35-இல் போனால் பின்னால் வருகிற பஸ்காரர் ஹாரனாலேயே குதிரையைக் கொன்றுவிடுவார் என்பதும் உண்மை. அதனால் விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பிவிடுகிறோம்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. குதிரையும் மாடும் கைமாறுகிற சந்தைகளை நடத்துகிறவர்கள், வண்டித் தளத்துக்கு ஏறக்குறையச் சமமாக மூன்றடி உயரத்தில், ஒருபக்கம் சரிவாக ஒரு மண்மேடை போட்டுக் கொடுக்க வேண்டும். நாலைந்து டிராக்டர் மண், முகப்பில் ஒரு கல்லுக்கட்டு, ஓரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அரை அடி உயரத்தை எட்டி வைக்க எந்தக் குதிரையின் காதையும் திருக வேண்டியதில்லை. இந்த ஆடிக்குள் முடியாவிட்டாலும் அடுத்த ஆடிக்குள் முடியும்.

ராசாத்தி இப்போது பிக்கப் சத்தம் கேட்டால் லாயத்திலிருந்து கனைக்கிறாள். டீசல் போடத்தான் எடுக்கிறோம் என்றால் நம்புவதில்லை, கொள்ளு வைத்தால்தான் அடங்குகிறாள்.

இப்படிக்கு,
குதிரைக்காரர் வீட்டம்மா,
கோபிசெட்டிபாளையம் அருகிலிருந்து