கெராச்சூட் மணலில் நாம் விட்டுவந்த மூட்டைகள்

பினாங்கு மலையேற்றக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கெராச்சூட் கடற்கரைக்குப் போனேன். தெலுக் பஹாங் நுழைவாயிலில் பெயர் எழுதிவிட்டுக் காட்டுக்குள் ஏறி இறங்கினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். முட்டி பழையபடி இல்லை, எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. தொங்குபாலத்தைத் தாண்டி மணலில் கால் வைத்ததும் முதலில் கண்ணில் பட்டது கடல் இல்லை. மரத்தடியில் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்த கறுப்புக் குப்பைப் பைகள்தான்.

பாதிப் பைகளைக் குரங்குகள் கிழித்திருந்தன. தப்பாவ் டப்பா (சாப்பாடு கட்டித் தரும் டப்பா), செருப்பு, போத்தல், மீன்பெட்டியிலிருந்து உடைந்த போலிஸ்டிரின் நுரை எல்லாம் மறுபடியும் மணலில் கிடந்தன. மேலே கிளையில் கட்டியிருந்த பேனர் மட்டும் ஒரு கிழிசல் இல்லாமல் இருந்தது. கடற்கரைத் துப்புரவு என்று பெரிய எழுத்து, தேதி, குழுவின் பெயர், ஆதரவு தந்தவர்களின் சின்னங்கள். அதுவும் நெகிழிதான்.

எந்தக் குழு என்று எழுதப் போவதில்லை. எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் நானும் நண்பர்களோடு இதே கடற்கரையில் கோத்தோங் ரோயோங், அதாவது கூடிச் செய்யும் துப்புரவு வேலை, செய்திருக்கிறேன். காலை முழுவதும் குனிந்து பொறுக்கி, 14 மூட்டை கட்டி, அதன் முன்னால் நின்று கட்டைவிரல் உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டோம். நடந்து திரும்பத் தெம்பு இல்லை, படகு பிடித்தோம். மூட்டைகளை என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். "யாராவது வந்து எடுத்துக்கொள்வார்கள்" என்று சொன்னது நான்தான். பௌர்ணமி கழிந்து மறுபடி போனபோது ஐந்து மூட்டைதான் இருந்தது. மீதியைக் கடலேற்றம் கொண்டுபோயிருந்தது. நாங்கள் செய்த வேலை அவ்வளவுதான்: சிதறிக் கிடந்த குப்பையை ஒரே இடத்தில் சேர்த்து, கடலுக்கு வசதி செய்துகொடுத்தோம்.

அதனால் இந்தக் கடிதத்தில் நான் கேட்பது ஒன்றுதான். மூட்டை அந்தக் கடற்கரையை விட்டு எப்படி வெளியே போகும் என்பதை முடிவு செய்யாமல் துப்புரவுக்குத் தேதி குறிக்காதீர்கள்.

கெராச்சூட் என்ன மாதிரி இடம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் புதிதாக வருபவர்கள் இருக்கிறார்கள். பழைய பந்தாய் ஆச்சே காப்புக்காட்டின் பகுதிதான் 2003இல் பினாங்கு தேசியப் பூங்கா ஆனது. கடற்கரைக்குப் பின்னால் இருக்கும் ஏரியில் நன்னீரும் கடல்நீரும் கலக்காமல் அடுக்கடுக்காக நிற்கும். உலகத்தில் இப்படிப்பட்ட ஏரிகள் அரிது. வறண்ட காலத்தில் போனால் வெறும் சேறுதான் தெரியும், ஏமாந்து திட்டாதீர்கள். மணலில் பேராமையும் பங்குனி ஆமையும் முட்டையிட வரும். முட்டைகளை எடுத்துப் பாதுகாத்துப் பொரிக்க வைக்கும் நிலையமும் அங்கேயே இருக்கிறது. வலைத்துண்டும் போலிஸ்டிரினும் அடர்ந்து கிடக்கும் மணலில் தாய் ஆமை குழி தோண்டத் திணறும். குஞ்சுக்கு ஒரு போத்தல் மூடியே சுவர்.

சரி, இந்தக் குப்பை எங்கிருந்து வருகிறது? நம் குழுக்களில் இதற்கு ஆயத்தமாக ஒரு பதில் உண்டு: "எல்லாம் தாய்லாந்துக்காரன், இந்தோனேசியாக்காரன் போடுவது." நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு பொழுதுபோக்காகக் குப்பையின் லேபிளில் இருக்கும் பட்டைக்குறியீட்டை (பார்கோடு) படிக்க ஆரம்பித்தேன். லேபிள் வெளுத்திருந்தாலும் சில சமயம் முதல் மூன்று எண் தெரியும். 885 என்றால் தாய்லாந்து, 899 இந்தோனேசியா, 890 இந்தியா, 888 சிங்கப்பூர். நம்முடையது 955. குறியீடு பதிவான நாட்டைத்தான் அது சொல்லும், வீசியது யார் என்று சொல்லாது. கப்பலில் போகிறவன் எந்த ஊர் தண்ணீரையும் குடிப்பான். போத்தலில் கொட்டலசு (மிதக்கும் பொருள்களில் ஒட்டி வளரும் சிறு ஓட்டுயிர்) அப்பிப் பிடித்திருந்தால் அது கடலில் பல நாள் மிதந்து வந்தது. வழவழவென்று புதிதாக இருந்தால் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம், அல்லது போன வாரம் நம்மில் ஒருவர் பையிலிருந்து விழுந்ததாகவும் இருக்கலாம். 885உம் 899உம் கிடைக்கத்தான் செய்தன. ஆனால் சென்ற மாதம் நான் பொறுக்கியதில் அதிகம் கிடைத்தது 955.

இதைவிட என்னை உறுத்தியது வேறு ஒரு செய்தி. மலாக்கா நீரிணையின் மேல்நீர் பெரும்பாலும் வடமேற்காக, அந்தமான் கடலை நோக்கி நகர்கிறது. அந்தப் பக்கம் இருப்பது இந்தியாவின் பெரிய நிக்கோபார் தீவு. அங்கே ஐந்து கடற்கரைகளில் ஒதுங்கிய நெகிழியை இந்திய ஆய்வாளர்கள் 2018இல் லேபிள் பார்த்துப் பிரித்தார்கள். பத்து நாட்டுப் பொருள்கள் இருந்தன. அவற்றில் ஏறத்தாழ 40 விழுக்காடு மலேசியா. இந்தியாவின் பங்கு 3 விழுக்காடுகூட இல்லை. நாம் இங்கே 885ஐப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறோம், அங்கே அவர்கள் 955ஐப் பார்த்து அடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தத் தீவின் கேம்பல் பே என்ற ஊரில் குடியேறியவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. நம் ஊர் ஊறுகாய் போத்தலின் தமிழ் எழுத்தை அங்கே ஒருவர் மணலில் நின்று வாசித்திருப்பாரோ என்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

கெராச்சூட்டிலிருந்து நாம் விட்டுவந்த அந்த ஒன்பது மூட்டையும் அந்தப் பக்கம்தான் போயிருக்க வேண்டும் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் நீரோட்டம் போகும் திசை அதுதான்.

ஆள் நடமாட்டம் மிகக் குறைந்த தீவுகளில்கூடப் பொறுக்குவதைவிட வெளியே கொண்டுபோவதுதான் பெரிய பாடு. சேஷெல்ஸ் நாட்டின் அல்டாப்ரா பவளத்தீவில் 2019இல் ஒரு சிறு குழு ஐந்து வாரம் தங்கி 25 டன் குப்பையை அகற்றியது. அதன் பிறகும் 500 டன்னுக்கு மேல் மிச்சம் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். எடையில் பெரும்பகுதி மீன்பிடி வலையும் கயிறும். எண்ணிக்கையில் திரும்பிய பக்கமெல்லாம் ரப்பர் செருப்பு. இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கோக்கோஸ் (கீலிங்) தீவுகளில் நடந்த ஆய்வு இன்னொன்றைச் சொன்னது: அங்கே ஒதுங்கியிருப்பதாக மதிப்பிட்ட 41 கோடித் துண்டுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மணலுக்குள் புதைந்தவை. மேலே பளிச்சென்று தெரிவதைப் பொறுக்கிவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்று கைதட்டுகிறோம். ஒரு பிடி மணலை அள்ளி விரலிடுக்கில் வழிய விட்டுப் பாருங்கள், போலிஸ்டிரின் உருண்டைகள் கையில் ஒட்டும்.

ஆகவே, 80 பேரைத் திரட்டுவதை விட்டுவிட்டு 15 பேர் போங்கள். கறுப்புப் பை வேண்டாம். வெயிலில் இற்றுவிடும், குரங்குக்கு அது காகிதம் மாதிரி. அரிசிச் சாக்கு எடுத்துப் போங்கள், கடைக்காரர்கள் சும்மாவே தருவார்கள். படகில் திரும்புகிறவர்கள் பாதிப் பேர் இருக்கிறோம். அந்தப் படகுக்காரரிடம் போகும் முன்பே பேசி, சாக்குக்கும் சேர்த்து வாடகை முடித்துக்கொள்ளுங்கள். காற்று நாளில் படகு கரைக்கு வரவில்லை என்றால் அவரவர் முதுகில் தூக்க முடிந்த அளவுதான் பொறுக்க வேண்டும். தலைக்கு மூன்று கிலோ வந்தாலும் அது வெளியே வந்த மூன்று கிலோ. படகுத்துறையில் இறக்கினால் அங்கிருந்து யார் எடுப்பார்கள் என்பதையும் முதலிலேயே கேட்டு வையுங்கள். இல்லாவிட்டால் கதை கடற்கரையிலிருந்து துறைக்கு மாறும், வேறொன்றும் நடக்காது.

முதலில் போலிஸ்டிரினை எடுங்கள். போத்தல் அடுத்த வாரமும் போத்தலாகவே கிடக்கும். போலிஸ்டிரின் அதற்குள் ஆயிரம் உருண்டையாகிவிடும். மணலில் பாதி புதைந்த வலையை இழுக்காதீர்கள், அறுத்து எடுங்கள். ஆமை நிலையத்தின் பக்கம் அங்குள்ளவர்களைக் கேட்காமல் மணலைக் கிளறாதீர்கள். கடல் ஒதுக்கிய மரக்கட்டையையும் பாசியையும் விட்டுவிடுங்கள், அவை குப்பை இல்லை. அப்புறம், துப்புரவுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் போத்தலை அட்டைப்பெட்டியில் வாங்கிக்கொண்டு வரும் வழக்கம் இருக்கிறதே, அதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 2011லேயே கடையில் நெகிழிப் பைக்கு 20 சென் கொடுத்துப் பழகிய மாநிலம் இது. ஆளுக்கொரு குடுவை கொண்டுவரச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பேனரும் வேண்டாம். படம் எடுக்க ஆசை என்றால் துறையில் சாக்கு இறங்கும்போது எடுங்கள்.

அடுத்த மாத முதல் ஞாயிற்றுக்கிழமை நான் போகிறேன். படகுக்காரர் ஒருவரிடம் பேசிவிட்டேன், கடல் அமைதியாக இருந்தால் பகல் ஒரு மணிக்குக் கெராச்சூட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு சாக்குக்கு மேல் ஏற்ற மாட்டாராம். மரத்தடியில் கிடக்கும் அந்தப் பழைய மூட்டைகளைத்தான் முதலில் எடுக்கப் போகிறோம், புதிதாக ஒன்றையும் பொறுக்கப் போவதில்லை. காலை ஏழரைக்கு நுழைவாயிலில் இருப்பேன். கையுறையும் சாக்கும் கொண்டுவாருங்கள். பேனரைக் கட்டிய குழுவினர் வந்தால் அதை அவிழ்க்க ஒரு கத்தியும்.

அன்புடன்,
உங்களோடு நடக்கும் ஒருவன்
ஜார்ஜ் டவுன், பினாங்கு