பொருத்தனைக்கு முன்னால் ஆஸ்பத்திரி

அன்புள்ள சாமுவேல்,

இங்கே எல்லாரும் சுகம். அம்மா உன்னைக் கேட்டாள். உன் கடிதத்தைப் படித்த கையோடு எழுதுகிறேன்.

உபவாசக் கூட்டத்தில் குடியைப் பற்றி வேதாகமத்தின் நீதிமொழிகள் 23-ஆம் அதிகாரத்தைப் பேசிவிட்டு, தங்கராஜ் அண்ணனை முன்னால் அழைத்து, 'குடியை இன்றோடு விட்டேன்' என்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்துப் பொருத்தனை பண்ணவைப்பேன் என்கிறாய். பேசு, சந்தோஷம். பொருத்தனைதான் எனக்குப் பயமாயிருக்கிறது.

வழக்கம்போல 32-ஆம் வசனத்துப் பாம்பை மட்டும் ஒரு மணி நேரம் ஆட்டாதே! 29 முதல் 35 வரை சேர்த்து வாசி. யாருக்கு வேதனை, யாருக்குத் துக்கம் என்று ஆறு கேள்வி. காரணமில்லாத காயமும் கலங்கின கண்ணும்கூட அதில் உண்டு. ஒரு வைத்தியர் நோயாளியை விசாரிப்பதுபோலத்தான் இருக்கிறது, திட்டே இல்லை. மது மெதுவாய் இறங்கும், முடிவிலேதான் பாம்பாய்க் கடிக்கும். அப்புறம் தாறுமாறான பேச்சு, பாய்மரத்தட்டில் படுத்தவனின் ஆட்டம். கடைசி வசனத்தில் நின்று பேசு. அடித்தார்கள், நோகவில்லை என்றவன் அடுத்து என்ன கேட்கிறான்? "நான் அதைப் பின்னும் தொடர்ந்து தேட எப்பொழுது விழிப்பேன்?" இத்தனை பட்டும் விடிந்ததும் அதையே தேடுகிறான். உடம்பு அதற்கு அடிமையாகிவிட்டது. அவனிடம் போய் மனசை மட்டும் திடப்படுத்து என்றால் எப்படி?

டேனியல் வாத்தியார் எழுந்து, திராட்சரசம் குடிக்கச் சொல்லிப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய வசனத்தைக் காட்டுவார். அங்கே வயிற்றுக்காகக் 'கொஞ்சம்' என்றுதான் இருக்கிறது என்று சொல்லி உட்காரவை.

அண்ணனுக்குக் காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கைநடுக்கம் நிற்கிறது என்று எழுதியிருக்கிறாயே, அது சாதாரணமில்லை. அந்த நிலையில் சட்டென்று நிறுத்தினால் ஒரே நாளுக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். முதல் 48 மணி நேரத்தில் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரியும், இடம் குழம்பும், காய்ச்சலும் படபடப்பும் ஏறும், உயிரே போகலாம். வீட்டார் பேய் என்று நினைத்து ஜெபத்துக்குத் தூக்கி வந்தால், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நேரம் அதில் போய்விடும்.

ஆகையால் முதலில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு. தினம் எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எப்போது, முன்னே வலிப்பு வந்ததுண்டா, மூன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நடுக்கமும் வலிப்பும் அடங்க மாத்திரை கொடுத்து, நாளுக்கு நாள் குறைப்பார்கள். தயமின் என்கிற வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். சாப்பாடில்லாமல் குடித்த உடம்புக்கு அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கக்கூடும். அதுவரைக்கும் வீட்டில் யாரும் பாட்டிலைப் பிடுங்கிக் கொட்டவேண்டாம்.

அக்காவிடம் வேதாகமத்து நாபாலின் மனைவி அபிகாயிலைச் சொல். நாபால் குடித்து வெறித்திருந்த ராத்திரி அவள் வாயே திறக்கவில்லை. விடிந்து வெறி தெளிந்தபிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். அண்ணனிடம் ஆஸ்பத்திரிப் பேச்சையும் தெளிந்திருக்கும் நேரத்தில்தான் எடுக்கவேண்டும்.

பொருத்தனையை அவர் திரும்பி வந்தபின் வைத்துக்கொள். கூட யார் போகிறீர்கள், என்றைக்கு என்று உடனே எழுது.

அன்புடன்,
ஜெபராஜ்