பருவ நிறைவும் ஒரு வேண்டுகோளும்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழாவும் கட்டுரைப் போட்டியும் சிறப்பாக நடந்தன. தேர்ச்சி அட்டைகள் வெள்ளிக்கிழமை கிடைக்கும்.

வரலாற்றுக் கண்காட்சியைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். ஆறு குழுக்களின் அட்டைகளில், வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த ‘கண்டுபிடிப்புகள்’ ஒட்டப்பட்டிருந்தன. ஒன்றில், குழிக்குள் கிடக்கும் ராட்சத மனித எலும்புக்கூடு. கீழே ‘நம் முன்னோர்’ என்று அழகான கையெழுத்து. அது 2002-இல் ஓர் இணையப் போட்டிக்காகக் கணினியில் ஒட்டிச் செய்த படம். பிள்ளைமேல் தவறில்லை. அப்பா, அம்மா அனுப்பியதை எந்தப் பிள்ளை சந்தேகப்படும்?

‘நாங்கள்தான் முதல்’ என்ற ஆசை எந்த நாட்டையும் விட்டுவைக்கவில்லை. ஜப்பானில் ஃபுஜிமுரா ஷினிச்சி என்ற அகழாய்வாளர் தோண்டிய இடமெல்லாம் மிகப் பழைய கற்கருவிகள் கிடைத்தன. 2000 நவம்பரில் ஒரு நாளிதழ் படம் வெளியிட்டது: கருவிகளைப் புதைத்தவரே அவர்தான். பாடநூல்களையே திருத்த வேண்டியதாயிற்று.

அடுத்தவர் பெருமையைப் பறிக்கவும் இதே வேலை நடந்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியில் உள்ள கிரேட் சிம்பாப்வே என்ற பழைய நகரின் கல்மதில்களைக் கட்டியவர்கள் ஆப்பிரிக்கர்களே என்று 1905-இலும் 1929-இலும் அகழாய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அந்த நகரம் இருந்த, வெள்ளையர் ஆண்ட ரொடீசியா நாட்டில் அதைச் சொன்னவர்களை அரசு நெருக்கியது. 1980-இல் விடுதலை பெற்ற நாடு அந்த இடத்தின் பெயரையே சூட்டிக்கொண்டது.

எங்கள் வரலாற்று ஆசிரியர் வகுப்பில் கேட்கச் சொல்வது மூன்றே கேள்விகள்தான். தோண்டியது யார்? எந்த மண்ணடுக்கில் கிடைத்தது? அறிக்கை எங்கே வந்தது? பதில் இல்லாத அட்டைகளுக்கு அவர் மதிப்பெண் குறைத்தார். அதற்காக வகுப்புக் குழுவில் சிலர் அவரை நாட்டுப்பற்று இல்லாதவர் என்று எழுதினீர்கள். இதை நான் ஏற்கவே மாட்டேன். அந்த மதிப்பெண்கள் மாறாது. ஆசிரியரைப் பற்றி இப்படி இனி ஒரு வரிகூட வரக்கூடாது. குறை இருந்தால் நேராக என்னிடம் வாருங்கள்.

சரி, நீங்கள் பிள்ளைக்கு உதவ நினைத்துத்தான் அனுப்பினீர்கள், எனக்குத் தெரியும். விடுமுறை முடிந்ததும் அந்த ஆறு குழுக்களும் அட்டையைப் புதிதாகச் செய்து வைக்கலாம், அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. அந்த எலும்புக்கூடு படத்தையும் மாட்டச் சொல்லியிருக்கிறேன், அது எப்படிப் பரவியது என்ற விளக்கத்தோடு.

ராத்திரி விழித்திருந்து அட்டை வெட்டி ஒட்டிக்கொடுத்த எல்லாருக்கும் என் நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்